பத்து நிமிடம் சும்மா ஓடிய எஞ்சின்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. லண்டனில் ஹவுன்ஸ்லோப் பக்கம் ஒரு கல்லூரியின் கார் நிறுத்தும் வெளி. மழை இன்னும் தொடங்கவில்லை. பெய்வதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தது. நான் ஒரு மோட்டார் சைக்கிளின் மேல் குந்தியிருக்கிறேன். எஞ்சின் ஓடுகிறது. வண்டி ஓடவில்லை.

எனக்கு முன்னால் வெண்டி. என் மோட்டார் சைக்கிள் ஆசிரியை. அறுபதை எட்டிப்பிடிக்கும் வயது, கழுத்தில் பச்சை குத்திய ஒரு மீன், காதில் எண்ணமுடியாத வளையங்கள். மடக்குக் கதிரையை விரித்து இருந்துகொண்டு, சுடுதண்ணிப் போத்தலில் இருந்து தேத்தண்ணியை அதன் மூடிக்குள் வார்க்கிறாள். ஆறுதலாகப் பிஸ்கட் ஒன்றை எடுத்துத் தோய்க்கிறாள்.

"பத்து நிமிஷம்," என்று சொல்லியிருந்தாள். "ஒரு இடமும் போகவேண்டாம். எஞ்சினை நிப்பாட்டவும் கூடாது. சும்மா இரு."

சும்மா இருப்பது எனக்கு வராத வேலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். வேலையிடத்தில் அதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள். ஆனால் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு சும்மா இருப்பது வேறு சங்கதி. முதலாவது நிமிடம் பிழையில்லை. இரண்டாவது நிமிடம் காது சுட்டது. மூன்றாவதில் ஹெல்மெட்டுக்குள் இருந்து வியர்வை இறங்கி மூக்கு நுனியில் தொங்கியது. அப்போதுதான் என்னுடைய வலக்கைப் பெருவிரல் மெதுவாக ஊர்ந்து, எஞ்சினை நிப்பாட்டும் சிவப்புச் சுவிட்சின் பக்கம் போகத் தொடங்கியது. நான் போகச் சொல்லவில்லை. அது தன்பாட்டில் போனது.

"நேதன்," என்றாள் வெண்டி, பிஸ்கட்டில் இருந்து கண்ணை எடுக்காமல். "விரலை எடு, டார்லிங்."

லோகநாதன் என்று அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர். முதல் பாதியை வெண்டி முதல் நாளே வெட்டி எறிந்துவிட்டாள். உலகம் போய் நாதன் மட்டும் மிஞ்சினான்.

ஐம்பத்திரண்டு வயது. வளர்ந்த இரண்டு பிள்ளைகளின் தகப்பன். விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் மேற்பார்வையாளன். அப்படிப்பட்டவன் பெற்றோல் சும்மா எரியும் சத்தத்தைக் கேட்டு அழுகிற நிலைக்கு வந்த கதைதான் இந்தக் கிழமைப் பத்தி. போன கிழமை பல்வைத்தியரைப் பற்றி எழுதியதற்கு மைத்துனி இன்னும் என்னோடு கதைக்கவில்லை. இந்த முறை அவளைப் பற்றி ஒன்றும் இல்லை. நிம்மதியாக வாசிக்கலாம்.

வண்டி முதல், லைசன்ஸ் பிறகு

எங்கள் வீடு ரெய்னர்ஸ் லேனில். வேலை ஹவுன்ஸ்லோவுக்கு அங்கால். வரைபடத்தில் பார்த்தால் இரண்டுக்கும் இடையில் ஒரு விரல் அகலம். ஆனால் ரயில் அந்த விரலை மதிக்காது. என்னை ஏற்றிக்கொண்டு நகரத்துப் பக்கமாக அக்டன் டவுன் வரைக்கும் போகும். அங்கே இறங்கி, படி ஏறி, படி இறங்கி, வேறு ரயில் பிடித்து, வந்த திசைக்கே திரும்ப வரவேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதை ஒரு நாளைக்கு இரண்டு தரம் செய்தேன். பதினேழு வருடம்.

கார் இருக்கிறது. அது மனைவி வதனிக்கு. அவளுக்கு முதியோரையும் நடமாட முடியாதவர்களையும் பராமரிக்கும் இல்லங்களில் வேலை. ஒரு நாளில் மூன்று இடத்துக்கு ஓடவேண்டிய ஆள்.

ஒரு நாள் வேலையிடத்துச் சிநேகிதன் ஒருத்தனின் வீட்டுக்குப் போனபோது, அவனுடைய கொட்டிலுக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. நானூறு சிசி. கரும்பச்சை. பழசுதான்; ஆனால் சைலன்சரில் என் முகம் தெரிந்தது. அந்த வளைந்த சைலன்சரில் எனக்குத் தொந்தி இல்லை. அதோடு நான் அவுட்.

வாங்கிவிட்டேன். ஓட்ட லைசன்ஸ் இல்லாதபடியால் அவனே வான் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். வதனி வேலையால் வந்து காரை நிறுத்த இடம் தேடினாள். இடத்தில் அது நின்றது.

"இது ஆற்ற?"

"எங்கட."

"ஆர் ஓடுறது?"

"நான்தான்."

"லைசன்ஸ்?"

"இனித்தான்."

அதற்குப் பிறகு நாலு நாள் வீட்டில் மௌனம். நான் ஒரு பச்சைத் தறப்பாள் வாங்கி வண்டியை மூடினேன். வதனி என்னைப் பார்க்கும் பார்வை தறப்பாளுக்கு அடியில் நானும் இருக்கலாம் என்பதுபோல இருந்தது. ஐந்தாம் நாள் சோறு போடும்போது தீர்ப்பு வந்தது.

"ரோட்டுச் சோதினை மூண்டு தரம் எடுங்கோ. மூண்டு தரமும் தோத்தியளெண்டால் உந்தச் சாமான் இந்த வாசல்ல நிக்கக்கூடாது. நீங்களே வித்துப்போடவேணும். பிறகு அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது."

"உம்மட அப்பாவாணை," என்றேன். என் அப்பா மேல் சத்தியம் செய்யாமல் மாமனார் மேல் செய்தது ஒரு முன்னெச்சரிக்கை. ஆனால் அன்று எனக்குப் பயமே இல்லை. மூன்று தரம் எதற்கு? ஊரில் பதினெட்டு வயதில் இருந்து மோட்டார் சைக்கிள் ஓடினவன் நான். ஒன்றே காணும் என்று நினைத்தேன்.

ஆபத்தைக் கிளிக் செய்தல்

இந்த நாட்டில் மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் என்பது ஒரே மூச்சில் கிடைக்கும் சாமான் இல்லை. முதலில் ஒரு நாள் அடிப்படைப் பயிற்சி. முடித்தால் சிவப்பு L தகடு மாட்டிக்கொண்டு சின்ன வண்டி ஓடலாம். என் கரும்பச்சைக்காரி பெரியவள். அவளைத் தொட முழு லைசன்ஸ் வேண்டும். அதற்குக் கணினியில் ஒரு சோதனை, பிறகு கூம்புகளை நட்டுவைத்து அதற்குள் வளைந்து வளைந்து ஓடும் சோதனை, கடைசியாகத்தான் ரோட்டுச் சோதனை. அதில் சோதனையாளர் தன்னுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் வருவார். உன் காதுக்குள் அவருடைய குரல் மட்டும் வரும்; நீ சொல்வது அவருக்குக் கேட்கும்.

கணினிச் சோதனையில் வீடியோ போடுவார்கள். ஆபத்து வரும்போது கிளிக் செய்யவேண்டும். கண்டபடி கிளிக் செய்தால் பூச்சியம். எனக்குத் திரையில் எல்லாமே ஆபத்தாகத் தெரிந்தது. தள்ளுவண்டியில் குழந்தை, ஆபத்து. நாயோடு கிழவர், ஆபத்து. ஒன்றுமே இல்லாத வெறும் ரோடு, பேராபத்து. விரலை அடக்கிக்கொண்டு எப்படியோ தப்பினேன். கூம்புச் சோதனையிலும் தப்பினேன். எல்லாம் முதல் தரம். வீட்டில் சொல்லும்போது மார்பைக் கொஞ்சம் நிமிர்த்திச் சொன்னேன். வதனி "ம்" என்றாள்.

அடிப்படைப் பயிற்சி நாளில்தான் செந்தில் அறிமுகமானான். மதுரைக்காரன், கணினிக் கம்பனியில் வேலை, ஹவுன்ஸ்லோவில் வாடகை வீடு, முப்பத்தைந்து வயது. அவனுடைய சிக்கல் ஹாரன். சந்தி வந்தால் அடிப்பான். வளைவு வந்தால் அடிப்பான். ஆளில்லாத கார் நின்றால் அதற்கும் ஒன்று அடித்துவிட்டுத்தான் தாண்டுவான். தான் இந்த வேலைக்கு வந்த நாளில் இருந்து கேட்ட ஹாரன் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இன்று ஒரு காலையில் கேட்டது கூடுதல் என்று வெண்டி சொன்னாள்.

"ஹாரன் அடிக்கலைன்னா நாம வர்றது எதிர்ல வர்றவனுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்று என்னிடம் நியாயம் கேட்டான்.

"கண்ணாலை பாப்பான் தம்பி."

"கண்ணை நம்பியா வண்டி ஓட்டுறாங்க இங்க?" என்று அவன் உண்மையாகவே பயந்துபோனான்.

நான் உள்ளூரச் சிரித்தேன். எனக்கு அப்படி ஒரு கெட்ட பழக்கமும் இல்லை. எனக்குத் தந்த பயிற்சி வண்டி மட்டும் ஏனோ போக்குவரத்து லைட்டுக்குக் கிட்டவும் சந்திக்குக் கிட்டவும் சத்தம் அடங்கிப்போகும். கிளச்சைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் எஞ்சின் நின்றுபோகிறது என்று வெண்டி நினைத்தாள். கிளச்சைப் பற்றி நீண்ட விளக்கம் தந்தாள். நான் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டு கேட்டேன். உண்மை என்னவென்று எனக்கே அப்போது தெரியாது. அது சத்தியம், இந்த முறை என் அப்பா மேலேயே செய்கிறேன்.

கிளிகளின் சத்தம்

முதலாவது ரோட்டுச் சோதனை.

சோதனையாளர் மெலிந்த மனிதர், மஞ்சள் ஜாக்கெட், சிரிப்பதற்கு அரசாங்கத்தின் அனுமதி கிடைக்காத முகம். புறப்பட முன்னர் சில கேள்விகள் கேட்பார்கள். பின்னுக்கு ஒரு ஆளை ஏற்றினால் என்ன பிரச்சினை வரலாம் என்று கேட்டார். சமநிலை மாறும், பிரேக் பிடிக்கக் கூடுதல் தூரம் வேண்டும் என்று சொல்லியிருக்கவேண்டும். பயத்தில் என் வாய்தான் முந்தியது. மனைவி என்றால் கதைத்துக்கொண்டு வருவா என்றேன். அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். சிரித்தார் என்று எழுதியிருக்கமாட்டார்.

பிறகு அரை மணித்தியாலம் நான் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அதைப் படம் எடுத்துப் பயிற்சிக்கு வைக்கலாம். கண்ணாடி பார்த்தேன், தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தேன், சிக்னல் போட்டேன், வேகம் அளந்து போனேன். கடைசியில் ஒரு நீண்ட ரோடு. மெல்லிய இறக்கம். தூரத்தில் லைட் சிவப்பு.

திடீரென்று ஊர் அமைதியாகிவிட்டது. காற்று ஹெல்மெட்டை உரசும் சத்தம். மேலே மரங்களில் இந்தப் பகுதியில் பெருகிக் கிடக்கும் பச்சைக் கிளிகள் கத்தும் சத்தம். எவ்வளவு சுகம். வண்டி மிதந்துகொண்டு போகிறது.

காதுக்குள் குரல் வந்தது. எஞ்சின் நின்றுவிட்டதா என்று கேட்டார்.

அந்த இடத்தில் ஒரு கெட்டிக்காரன் ஓம் என்று சொல்லியிருப்பான். வண்டி நின்றுபோவது யாருக்கும் நடப்பது. சின்னப் பிழையாகப் போட்டு விட்டிருக்கலாம். ஆனால் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"இல்லை ஐயா. நான்தான் நிப்பாட்டினனான்."

காதுக்குள் நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. கிளிகள் மட்டும். பிறகு, "ஏன்?"

"முன்னுக்குச் சிவப்புத்தானே."

அந்த நேரம் பார்த்து லைட் பச்சையானது. நான் எஞ்சினை எழுப்பத் தடவினேன். பின்னால் இரட்டைத்தட்டு பஸ் ஒன்று. அதற்குப் பின்னால் மேற்கு லண்டன் முழுவதும்.

தோல்வி. ஓடும் வண்டியில் எஞ்சினை நிறுத்துவது வண்டியைக் கைவிடுவதற்குச் சமம், கடுமையான பிழை என்று எழுதித் தந்தார்.

இரண்டாவது தரத்துக்குப் பெருவிரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு போனேன். கையுறைக்குள் அது உறுத்த உறுத்த ஞாபகம் வரும் என்று திட்டம். திட்டம் வேலை செய்தது. எல்லா லைட்டிலும் எஞ்சின் ஓடியது. நான் உள்ளுக்குள் துடித்தாலும் விரல் அசையவில்லை. சோதனை முடிந்தது. நிலையத்தின் வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. இனி என்ன, பாஸ். அந்தச் சந்தோஷத்தில் உடம்பு தளர்ந்தது பாருங்கள்.

வாசலுக்கு நூறு மீட்டர் முன்னால் இருந்தே சத்தமில்லாமல், பிரேக்கும் பிடிக்காமல், அழகாக உருண்டு போய் சோதனையாளரின் கந்தோர்க் கதவுக்கு முன்னால் அளவெடுத்ததுபோல நின்றேன். ஹெல்மெட்டைக் கழற்றிப் புன்னகைத்தேன். பின்னால் வந்தவர் புன்னகைக்கவில்லை.

மண்ணெண்ணெய்க் காலம்

வெண்டி என்னை ரோட்டோரம் தேத்தண்ணி விற்கும் வான் வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். செந்திலும் வந்தான். அவன் ஏற்கெனவே முதல் தரத்திலேயே பாஸாகியிருந்தான். "ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கலண்ணே. கடைசியில எனக்கே தொண்டை அடைச்ச மாதிரி ஆயிருச்சு," என்றான். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்த வெண்டி, ஒருத்தன் சத்தம் போடாமல் போகமாட்டான், மற்றவன் சத்தமே இல்லாமல்தான் போவான், இரண்டு பேரையும் ஒன்றாய்ப் போட்டு அரைத்தால் ஒழுங்கான ஒரு ஓட்டுநர் கிடைப்பான் என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஏன் நிப்பாட்டுகிறாய் என்று கேட்டாள்.

சொல்லத் தொடங்கியபோதுதான் எனக்கே விளங்கியது.

நான் ஓடப் பழகிய போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது. தடை. பெற்றோல் என்பது மருந்து மாதிரி, மூடிக்கணக்கில் புழங்கும் சாமான். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடும். ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு எழும்பாது. சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் இருந்து சில சொட்டுப் பெற்றோலைக் கார்பரேட்டருக்குள் பிதுக்கி, உதைத்து, அது இருமிக்கொண்டு எழும்பியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பவேண்டும். பின்னால் வருகிறவனுக்குச் சாம்பிராணி போட்டதுபோல இருக்கும்.

மண்ணெண்ணெயும் அருமைதான். ஆகவே போகும் இடம் வர முன்னமே எஞ்சினை நிப்பாட்டி உருளவிடுவோம். எந்த மதிலடியில் நிப்பாட்டினால் எந்த வாசல் வரைக்கும் உருளும் என்பது மனப்பாடம். என் சிநேகிதன் ஒருத்தன் தபாற்கந்தோர் வளைவில் நிப்பாட்டி, சந்தைக்குள் மரக்கறிக்காரிக்கு முன்னால் போய் நிற்பான். பிரேக் பிடிப்பது அவனுக்கு அவமானம். பிரேக் பிடிக்கவேண்டி வந்தால் அவ்வளவு தூரத்துக்கு எண்ணெயை வீணாக்கிவிட்டான் என்று அர்த்தம்.

இதையெல்லாம் வெண்டிக்குச் சொன்னேன். அந்த வண்டிக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். விட்டுவிட்டு வந்தேன் என்று மட்டும் சொன்னேன். போர் நெருங்கிவர ஊரே வீடுகளை விட்டு எழும்பி நடந்த அன்று, தாங்கி நிறைய மண்ணெண்ணெய் இருந்தும் சனநெரிசலில் ஓட இடமில்லாமல், மழைக்குள் அதை உருட்டிக்கொண்டு நடந்ததையும், ஊர் எல்லைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வேலியில் சாத்திவிட்டுப் போனதையும் சொல்லவில்லை. ஆங்கிலம் போதவில்லை என்று இங்கே எழுதலாம். அது பொய்.

வெண்டி தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். "ஞாயிற்றுக்கிழமை வா," என்றாள். "நான் கதிரை கொண்டுவாறேன்."

மீதி ஏழு நிமிடம்

ஆக, அந்தக் கார் நிறுத்தும் வெளி. மூன்று நிமிடம் போயிருந்தது. விரலை எடுத்துவிட்டேன். இனி வாயால்தான் தப்பவேண்டும்.

கல்லூரி வாசலில் தொங்கிய பலகையைக் காட்டினேன். வண்டி நிற்கும்போது எஞ்சினை நிறுத்துங்கள், பிள்ளைகள் சுவாசிக்கும் இடம் என்று கவுன்சில் எழுதியிருக்கிறது. இன்று ஞாயிறு, பிள்ளைகள் படுக்கையில் சுவாசிக்கிறார்கள் என்றாள். இப்போது வரும் புதுக் கார்கள் லைட்டில் தாமாகவே எஞ்சினை நிறுத்துகின்றன, அதை விஞ்ஞானம் என்கிறீர்கள், நாங்கள் அப்போதே செய்தோம் என்றேன். கார் நின்ற பிறகு நிறுத்துகிறது, நீ ஓடும்போதே நிறுத்துகிறாய், அதோடு கார் உன்னைப்போல வாய் காட்டுவதில்லை என்றாள்.

ஐந்தாவது நிமிடம் செந்தில் வந்து பக்கத்தில் நின்றான். பாஸான பிறகும் ஏன் வந்தாய் என்று கேட்டேன். "உங்களைப் பார்க்கத்தாண்ணே. பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு," என்றான்.

ஏழாவது நிமிடம் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் திறந்து கண்ணைத் துடைத்தேன். அந்த எஞ்சின் சின்னதாகத் துடித்துக்கொண்டே இருந்தது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. யாரும் கணக்குப் பார்க்கவில்லை. உலகத்தில் இவ்வளவு எண்ணெய் இருக்கிறதா என்று ஒரு எண்ணம் வந்தது. அது கோபமா துக்கமா என்று தெரியவில்லை.

"இன்னும் ரெண்டே நிமிஷம்ணே. தம் கட்டுங்க."

பத்து முடிந்தது. இறங்கினேன்.  எவ்வளவு எரிந்திருக்கும் என்று கேட்டேன். வெண்டி போத்தல் மூடியைக் காட்டினாள். இதில் ஒன்றோ ஒன்றரையோ இருக்கும் என்றாள். அந்த மூடி ஒன்றரையில் நாங்கள் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, பந்தியில் கிடைத்த பலகாரத்தோடு வீடு திரும்பியிருப்போம். அதை நான் சொல்லவில்லை. அவள் ஒரு பிஸ்கட் தந்தாள்.

அடுத்த ஞாயிறும் பத்து நிமிடம். அதற்கடுத்த ஞாயிறு பதினைந்து. மூன்றாம் கிழமை நான் வண்டியில் இருந்துகொண்டே பிஸ்கட் தோய்த்தேன்.

வீட்டிலும் பயிற்சி எடுக்கப் பார்த்தேன். ஒருவரும் இல்லாத அறையில் வேண்டுமென்றே லைட்டை எரியவிட்டேன். வதனி பின்னால் வந்து அணைத்துவிட்டுப் போனாள். இது வைத்தியம் என்று சொன்னேன். "வைத்தியத்தை வெளியில வச்சுக்கொள்ளுங்கோ," என்றாள். சோறு முக்கால் வேகும்போதே அடுப்பை நிப்பாட்டி மீதியை மூடியின் சூட்டில் வேகவைப்பவள் அவள். அவளும் என்னோடு அதே காலத்தில் வளர்ந்தவள்தான்.

மூன்றாம் தரம்

அன்று காலை வதனி இடியப்பம் அவித்துத் தந்தாள். சம்பலும் இருந்தது.  ஜாக்கெட்டின் ஜிப்பை மேல் வரைக்கும் இழுத்துவிடச் சொன்னாள், அவ்வளவுதான். தோற்றால் தறப்பாளோடு சேர்த்து விற்கவேண்டியதுதான் என்று நான் பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அதே சோதனையாளர். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ஏதோ அசைந்தது; அனுதாபமாக இருக்கலாம், வாயுவாகவும் இருக்கலாம். அதே பின்னுக்கு ஆளேற்றும் கேள்வி. இந்த முறை சமநிலை, பிரேக், டயர்க் காற்று என்று ஒழுங்காக ஒப்புவித்தேன். மனைவியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

புறப்பட்ட உடனேயே மழை. முதல் சந்தியில் இடது எது வலது எது என்று உடம்பு மறந்துவிட்டது. சிக்னலை அணைக்க மறந்து இரண்டு ரோடு தாண்டினேன். ஒரு வட்டச் சந்தியில் எல்லோரும் போகட்டும் என்று நின்றேன். எல்லோரும் நான் போகட்டும் என்று நின்றார்கள். காதுக்குள் அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

பிறகு அந்த நீண்ட ரோடு. அதே இறக்கம். அதே லைட். சிவப்பு.

பெருவிரல் எழும்பியது. கையுறைக்குள் அது எழும்புவதை நான் பார்க்கவில்லை, உணர்ந்தேன். விரலை மற்ற விரல்களோடு சேர்த்து முறுக்குப்பிடியில் இறுக்கிப் பிடித்தேன். எஞ்சின் உறுமியது. லைட்டில் போய் நின்றேன். காலை ஊன்றினேன். எஞ்சின் ஓடியது. நிற்கவிடக்கூடாது என்ற பயத்தில் இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். பக்கத்துக் காருக்குள் இருந்த பெண் கண்ணாடியை ஏற்றினாள். எரியட்டும் என்று நினைத்தேன். எல்லாம் எரியட்டும்.

நிலையத்தின் வாசலுக்குள்ளும் எஞ்சின் ஓட ஓடத்தான் போனேன். நிறுத்திய பிறகும் ஒரு நிமிடம் ஓடவிட்டேன், சந்தேகத்துக்கு இடம் வைக்காமல்.

கந்தோருக்குள் அவர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எட்டுச் சின்னப் பிழை. பத்து வரைக்கும் மன்னிப்பு உண்டு. பாஸ் என்றார். பிறகு ஒரு அறிவுரை. லைட்டில் நிற்கும்போது தேவையில்லாமல் முறுக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். அதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

"பெற்றோல் வீணாகும்," என்றார்.

நான் அந்த மனிதரைக் கட்டிப்பிடித்திருக்கவேண்டும். குறிப்பேடு குறுக்கே இருந்தது.

பயிற்சி வண்டியை வெண்டியிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு ரயிலில் வந்தேன். கதவைத் திறந்ததும் சொல்ல நாலு பகிடி தயார் செய்திருந்தேன். வதனி குசினியில் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"பாசோ?"

"ஓம்."

கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். பிறகு கதிரையை இழுத்து இருந்தாள்.

"நீங்கள் தோத்திடுவியள் எண்டு நினைச்சுத்தான் மூண்டு தரம் எண்டு சொன்னனான்," என்றாள். "வேண்டாம் எண்டால் கேக்கமாட்டியள். தோத்தால் நீங்களாவே விட்டிடுவியள் எண்டு பாத்தன். எங்கட இல்லத்தில மோட்டார் சைக்கிள்ள விழுந்த ஒரு ஆள் இருக்கு. உங்களிலும் வயசு குறைவு. நான்தான் அவருக்கு ஒவ்வொரு வாயாச் சாப்பாடு தீத்துறனான்."

நாலு பகிடியும் இருந்த இடம் தெரியவில்லை. மேசையில் வெண்டிக்காய் பாதி வெட்டியபடி கிடந்தது. நான் அவளுக்கு முன்னால் நனைந்த ஜாக்கெட்டோடு நின்றேன். தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டேன்.

"போடுங்கோ," என்றாள். கேத்தலைக் கொதிக்கவைத்தேன். கோப்பையைக் கையில் வாங்கிய பிறகு சொன்னாள், "வேலைக்குப் போய்ச் சேந்தவுடனை போன் எடுக்கவேணும். ஒவ்வொரு நாளும். மறந்தன், சார்ஜ் இல்லை, உந்தக் கதை வேண்டாம்."

"எடுக்கிறன்."

அடுத்த திங்கட்கிழமை தறப்பாளை உரித்தேன். வதனி வாசலுக்கு வரவில்லை. மேல் ஜன்னலில் திரைச்சீலை அசைந்தது. வேலையிடம் போய், வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே போனை எடுத்து அழுத்தினேன். மணி முழுதாக ஒரு தரம் அடிக்கவில்லை.

"சொல்லுங்கோ," என்றாள்.

"வந்திட்டன்."

அவள் மூச்சு விட்டது கேட்டது. "சரி," என்றாள், "இனி நான் வேலைக்கு வெளிக்கிடுறன்."